விசில் யார் கையில்?

கேள்வி: அன்றாடப் பயணத்திலிருந்து தலைமைப் பண்பு பற்றி நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

என் பாடசாலை பொள்ளாச்சி - வால்பாறை அரசுப் பேருந்து. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. மாமனார் வீடு மேலே இருப்பதால் எனக்கு இது பழகிய தடம். சுற்றுலா வருகிறவர்கள் அணையையும் வரையாட்டையும் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் பின்படிக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

வண்டியில் யார் பெரியவர் என்று கேட்டால் பலரும் டிரைவரைக் காட்டுவார்கள். ஸ்டியரிங், பிரேக், அத்தனை பேர் உயிர் எல்லாம் அவர் கையில்தானே? ஆனால் நிறுத்தத்தில் நின்ற வண்டியை அவராக எடுக்க மாட்டார். ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு விசில் என்றால் போகலாம். கூட்டம் நெருக்கும்போது பின்படியில் யார் தொங்குகிறார்கள், எந்தப் பாட்டி அரிசி மூட்டையோடு ஒரு காலை மட்டும் படியில் வைத்திருக்கிறார் என்பது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கண்டக்டருக்குத் தெரியும். அதனால் வண்டியை எடுக்கச் சொல்லும் உரிமை அவருக்கு. வயசோ சம்பளமோ சர்வீஸோ இதில் கணக்கே இல்லை. ஓய்வுபெறும் வயசை நெருங்கிய டிரைவர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன கண்டக்டர் என்று ஒரு ஜோடியைப் பார்த்திருக்கிறேன். வண்டி நகர்ந்த நொடியில் பையன் ஒற்றை விசில் கொடுத்தான். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கால் பிரேக்குக்குப் போய்விட்டது. எதுக்கு நிறுத்தினாய் என்ற விசாரணையெல்லாம் வால்பாறை ஸ்டாண்டில், டீ குடிக்கும்போது. பயணிகள் முன்னால் ஒரு வார்த்தை இல்லை.

நிறுவனங்களில் நான் அதிகம் பார்த்தது இதற்கு நேர் எதிர். படியைப் பார்க்கிற ஆளிடம் விசில் இருக்காது. விசில் வைத்திருக்கும் ஆள் ஏசி அறையில் இருப்பார், அவருக்குப் படியே தெரியாது.

வளைவில் எதிரே வண்டி வந்துவிட்டால் காட்சி மாறும். மலைப்பாதையில் இடம் போதவில்லை என்றால் மேலே ஏறும் வண்டிக்கு, இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே இது இருந்தது. காரணம் எளிது: ஏற்றத்தில் பாரத்தோடு நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஆனால் சமவெளியிலிருந்து கார் ஓட்டி வந்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மூக்கோடு மூக்கு வந்து நின்றுகொண்டு ஹார்ன் அடிப்பார். ஒருமுறை எங்கள் கண்டக்டர் இறங்கிப் போனார். சண்டை பார்க்கலாம் என்று பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலில் தலை நீட்டினோம், நான் உட்பட. அவர் சட்டம் பேசவில்லை. "ஏனுங், கொஞ்சம் பின்னால எடுத்துக்கோங். நான் நின்னு பார்த்துச் சொல்றனுங்" என்றார். கார்க்காரருக்குப் பின்னால் எடுக்கத்தான் பயம், மானம் போய்விடும் என்பதெல்லாம் அப்புறம்தான். அதைப் புரிந்துகொண்டவர் அந்தக் கண்டக்டர். "வரலாம்... வரலாம்... ஹோல்டான்!" என்று காரின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே ஒதுக்கி நிறுத்திவிட்டு வந்து, ஏறியதும் இரண்டு விசில். வேலையைச் சொன்னதோடு நிற்காமல், முடியும்வரை கூட நின்றார்.

சில்லறை விஷயமும் உண்டு. பாக்கியை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது வேறு: ஒரே நோட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்து, "இறங்கி மாத்திப் பிரிச்சுக்கோங்க" என்பது. முன்பின் தெரியாத இரண்டு பேரை நம்பி ஒரு பிரச்சினையை அவர்களிடமே விட்டுவிடுகிறார்.

நான் கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்கூடத்தில் டெஸ்பாட்ச் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லாரி கிளம்பலாம் என்று சொல்வது முன்பெல்லாம் என் வேலை. இப்போது பேக்கிங்கில் கடைசியாகப் பெட்டியை மூடும் அக்காவிடம் விட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்றால் லாரி நிற்கும், ஏன் என்று நான் சாயங்காலம் கேட்டுக்கொள்வேன். டிரான்ஸ்போர்ட்காரர் முதலில் என்னிடம்தான் ஓடிவந்தார். "அவங்க சொல்றதுதான்" என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை அவர் வரவில்லை.

ஆனால் விசிலைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் பஸ்ஸில்தான் பார்த்தேன். இது டவுனுக்குள். தனியார் பஸ்ஸில் பின்னால் போட்டி வண்டி வந்துவிட்டால், இறங்குகிறவர் கால் தரையில் படுவதற்குள் ரெண்டு விசில் விழுந்துவிடும். படியைப் பார்க்கிற அதே கண்டக்டர், அதே விசில்தான். ஆனால் அன்றைய கலெக்‌ஷனை வைத்து அவருக்குப் பேட்டா என்றால் அவர் வேறு என்ன செய்வார்? எங்களிடமும் மாதக் கடைசியில் இதே கதை. எத்தனை பெட்டி போனது என்பதை வைத்துத்தான் பேக்கிங் ஆட்களுக்கு ஊக்கத்தொகை, அதனால் கடைசி வாரத்தில் எந்த லாரியும் நிற்பதில்லை. அந்தக் கணக்கை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். தீபாவளி போகட்டும், பார்க்கலாம் என்கிறார்.