லாரியை அடமானம் வைக்காதீர்கள், அண்ணாச்சி

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து ஓர் அப்பா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க அவளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உப்பு லாரி ஓட்டுபவர், சொந்த வண்டி. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள், வேதியியலில் 96. மைத்துனர் கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 14 லட்சம், அதற்கு லாரியை அடமானம் வைக்க அப்பா யோசிக்கிறார். பெண்ணோ பி.எஸ்ஸி. வேதியியல் என்கிறாள். வீட்டில் பத்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை. “கவலைப்படாதீங்க, யோசிப்போம்” என்று அன்று அனுப்பி வைத்தேன். அவருக்கு அது போதாது.

அண்ணாச்சி, லாரியை வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் சோறு போடுகிற பொருள் அது ஒன்றுதான். மைத்துனர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவரில்லை. கோடிங் பற்றிக் கேட்டபோது உங்கள் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். லேபில் சால்ட் அனாலிசிஸ், அதாவது ஓர் உப்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது, எப்படிச் செய்தாய் என்றதும் நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கும் பழுப்பு வளையச் சோதனையைப் பத்து நிமிடம் விளக்கினாள். வேதியியல் படிக்காத உங்களுக்கும் புரிந்தது, நீங்களே தலையாட்டினீர்கள். சோதனைக் குழாயில் கவனம், அடுத்தவருக்குப் புரியவைக்கும் திறமை, இந்த இரண்டும் சேர்ந்த பிள்ளைகள் குறைவு.

டாக்டர், இன்ஜினீயர், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லிவிட்டது. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: காற்றின் தரத்தை அளப்பதும், அதை அரசு ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும்.

2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. அதில் சுமார் 130 நகரங்கள் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, அப்புறம் உங்கள் தூத்துக்குடி. திட்டத்துக்கான பணம் மாநகராட்சிகளுக்குப் போகிறது. அங்கிருக்கும் பொறியாளர்கள் சாலை, சாக்கடை, குடிநீர் பார்த்துப் பழகியவர்கள். திடீரென்று காற்றைச் சரிசெய் என்றால் என்ன செய்வார்கள்? டெல்லியில் உள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குப் பார்த்தது: செலவான பணத்தில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே போயிருக்கிறது. தொழிற்சாலைப் புகைக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிலோ நாடு முழுக்க ஏறக்குறைய பாதிப் பணியிடங்கள் காலி.

இந்த வேலை உள்ளே எப்படி இருக்கும்? வடிதாளை எடைபோட்டுக் கருவியில் வைப்பார்கள். 24 மணி நேரம் காற்றை உறிஞ்சிய பிறகு மறுபடி எடைபோடுவார்கள். கூடியிருக்கும் எடைதான் தூசி. பிஎம் 2.5 என்கிற நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 5. எடை தெரிந்தால் மட்டும் போதாது, அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்றும் தெரிய வேண்டும். வேதியியல் வருவது இங்கேதான். சோடியமும் குளோரினும் இருந்தால் கடல் உப்பு. அலுமினியம், சிலிக்கான் என்றால் மண். செலினியம், ஆர்சனிக் கூடினால் நிலக்கரி. கரி அதிகம் என்றால் டீசல் புகையைச் சந்தேகிக்கலாம். உப்பளமும் அனல்மின் நிலையமும் துறைமுகமும் ஒரே ஊரில் இருக்கும் உங்கள் பெண்ணுக்கு இது பாடப்புத்தகமாக இருக்காது, வீட்டு வாசலாக இருக்கும். சால்ட் அனாலிசிஸின் அண்ணன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அதிகாரிகளுக்குச் சொல்லித்தரும் இடங்கள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ராஜஸ்தானில் நிம்லி என்ற கிராமத்தில், நான் சொன்ன டெல்லி மையத்தைத் தொடங்கிய அனில் அகர்வால் பெயரில் ஒரு பயிற்சி நிறுவனம். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்துகூட அரசு ஊழியர்கள் அங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். கருவியை மரத்தடியில் வைத்தால் அளவு ஏன் தவறும், புகைபோக்கியில் மாதிரி எடுக்கும்போது உறிஞ்சும் வேகம் ஏன் புகையின் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும், இப்படிக் கையால் செய்து பார்க்கும் பாடங்கள். சொல்லிக்கொடுக்க, களத்தில் நின்று பழகிய ஆட்கள் வேண்டும்.

வழி இதுதான். உங்கள் ஊரிலேயே அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடியும். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அப்புறம் எம்.எஸ்ஸி. அது முடியும்போது கேட் என்கிற தேசிய அளவிலான தகுதித் தேர்வு. 2021 முதல் அதில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்றே தனித்தாள் இருக்கிறது. படித்ததும் காற்று மாதிரி எடுக்கும் தனியார் ஆய்வகத்தில் இரண்டு, மூன்று வருடமாவது கைப்பழக்கம் வேண்டும். முதல் சம்பளம் ஐடி கம்பெனி அளவுக்கு இருக்காது, இதை மறைக்க மாட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலைக்கான தேர்வும் வருடா வருடம் வராது. ஆனால் 25 வயதில் அவள் தலையில் கடன் இருக்காது, உங்கள் லாரி உங்களிடம் இருக்கும்.

சனிக்கிழமை முன்பணம் கட்டுவதாகச் சொன்னீர்கள். கட்ட வேண்டாம். மைத்துனர் கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். திங்கட்கிழமை மகளோடு உள்ளூர்க் கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் வாங்குங்கள், வேதியியல் லேபையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.