மனக்கவலையைக் குறைக்க இறைநம்பிக்கையும் இயற்கையும் உண்மையிலேயே உதவுமா? உங்கள் அனுபவம் என்ன?

உதவும். ஆனால், சாமி கும்பிட்ட மறுநாளே கவலை கழுவி விட்டாற்போலப் போய்விடும் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு நேர்ந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. தஞ்சாவூரில் காட்டி, பயாப்சி என்னும் திசுப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, ஊரான திருவாரூருக்குத் திரும்பினோம். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். முதல் மூன்று நாள்களை நான் கைப்பேசியிலேயே கழித்தேன்; நடுநிசியில் படித்த ஒவ்வொரு வரியும் எங்களைக் குறித்தே எழுதப்பட்டதாகத் தோன்றியது. கோயிலுக்கும் போகாமல் இல்லை. ஆனால் அங்கே நான் செய்தது பிரார்த்தனை அன்று, பேரம். முடிவு நல்லபடியாக வந்தால் இன்னது செய்கிறேன் என்று தியாகராசர் சந்நிதியில் கணக்குப் பேசிவிட்டு வெளியே வருவேன். பேரம் படிந்ததா இல்லையா என்கிற புதுக் கவலையும் கூடவே வரும்.

நான்காம் நாள் மாலை, நோய் யாருக்கு என்று அஞ்சினேனோ அவளே வந்து, "எந்நேரமும் அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க, குளத்தைச் சுத்திட்டு வரலாம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

குளம் என்றால் எங்கள் ஊரில் கமலாலயம்தான். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பார்கள். வேலி என்பது பழைய நில அளவை; ஐந்து வேலி என்றால் ஏறத்தாழ 33 ஏக்கர். நான்கு கரைகளையும் சுற்றிவர எங்கள் நடைக்கு அரைமணி நேரம் பிடித்தது. பிறந்ததிலிருந்து அதன் கரையிலேயே இருந்தும், பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் கடந்து போனதைத் தவிர, அதை நான் நின்று பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. படியில் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகுகளையும் துணி காயப்போட்டது போல விரித்து நின்றது. அதன் இறகு நீரில் ஊறிவிடும். அதனாலேயே அது சுலபமாக மூழ்கி மீன் பிடிக்கிறது, அதனாலேயே வெளியே வந்து காயவும் வேண்டியிருக்கிறது. பக்கத்துப் படியில், படியின் நிறத்திலேயே, குருட்டுக் கொக்கு ஒன்று குந்தியிருந்தது. நாங்கள் நெருங்கியதும் அது எழும்பியபோது, அந்த மண்நிறப் பறவைக்குள்ளிருந்து வெள்ளைவெளேரென்று இரண்டு சிறகுகள் வெளிப்பட்டன. அவள் "அட" என்றாள். மூன்று நாள்களில் எங்கள் வீட்டுப் பேச்சில் ஒலித்த முதல் "அட" அது.

மேல்கரையில் உட்கார்ந்திருந்தபோது தண்டியடிகள் நினைவுக்கு வந்தார். நாயன்மார் அறுபத்துமூவரில் ஒருவர், இதே ஊர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இந்தக் குளம் தூர்ந்து குறுகிவருவதை அறிந்து தாமே அதைத் தோண்ட முனைந்தார். குளத்துக்குள் ஒரு கம்பமும் கரையில் ஒரு கம்பமும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவியபடியே இறங்கி, மண்ணை வெட்டி எடுத்து, மறுபடி கயிற்றைத் தடவிக் கரையேறிக் கொட்டினார் என்பது வரலாறு. முடிவில் அவருக்குக் கண் கிடைத்ததைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கோ அன்று அந்தக் கயிறு போதுமானதாக இருந்தது. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே ஒரு மனிதர் நாள்தோறும் இறங்கி ஏற முடிந்திருக்கிறதே என்று அவளிடம் சொன்னேன். "அதே குளத்துலதான் சுந்தரர் பொன்னைத் தேடி எடுத்தார், அதையும் சொல்லுங்க" என்று சிரித்தாள். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் இட்ட பன்னீராயிரம் பொன்னை அவர் இங்கே எடுத்த கதையை, ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிற பழமொழியோடு சேர்த்துச் சொல்லாத வீடு எங்கள் ஊரில் இருக்காது.

அதன் பின் பேரத்தை விட்டுவிட்டேன். காலையில் சந்நிதியில் ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டு வருவதும், மாலையில் குளத்தைச் சுற்றி வருவதுமே என் கயிறாயின. நம்பிக்கை மட்டும் இருந்தபோது மனம் கண்ணை மூடியதுமே பயாப்சியிடம் ஓடியது. கண்ணைத் திறந்து பார்க்க ஒரு பறவையும், மழைக்கு ஒவ்வொரு படியாக ஏறிவந்த தண்ணீரும் இருந்ததால்தான் அது அரைமணி நேரமாவது ஓரிடத்தில் நின்றது. வெறும் வேடிக்கையாகப் பார்த்திருந்தாலும் இந்த அமைதி கிடைத்திருக்குமோ என்று கேட்பீர்களானால், எனக்குக் கிடைத்திருக்காது. இந்தக் குளம் என்னைப்போல எத்தனையோ பேரின் கலக்கத்தைத் தாங்கியிருக்கிறது என்கிற எண்ணமும் அதில் சேர்ந்திருந்தது.

கவலை அடியோடு போய்விடவில்லை. இரவில் வந்தது, ஆனால் தூக்கமும் வந்தது. தூக்கம் அடியோடு போய், சாப்பாடும் இறங்காத நிலையில் நீங்கள் இருந்தால், குளக்கரைக்கு முன்னால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய்தான், தொடக்க நிலை. அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடிந்து இப்போது நலமாக இருக்கிறாள். கீமோ நாள்களில் அவளால் முழுச் சுற்று வர முடியாது; மேல்கரைப் படியில் உட்கார்ந்துகொள்வாள், நான் மட்டும் சுற்றி வந்து, எந்தக் கரையில் எத்தனை நீர்க்காகம் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டு, பாதியிலேயே திரும்பி "ஏழு" என்று பொய் சொன்னேன். வடகரையைப் பார்க்கவே இல்லை என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள்.