அவதார் பெயரில் வைத்த கணக்கு முடங்கினால்

வியாசர்பாடி நண்பருக்கு, செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் நமக்குப் பதிலாக உலவும் உருவமான அவதாரின் பெயரில் வைத்திருந்த சமூக வலைதளக் கணக்கு முடங்கிவிட்டது, படங்களை இனி எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் எனக்கும் இப்படி மூன்று வருடப் படங்கள் ஒரே இரவில் போயின. மனசு ஆறவே இல்லை.

ஃபேஸ்புக் தனிக்கணக்கு மட்டும் வேண்டாம். அன்றாடம் நம்மை அழைக்கும் பெயர்தான் வேண்டும் என்பது அங்கே விதி. சான்று கேட்டால் அவதார் பெயரில் எதைக் காட்டுவீர்கள்? படங்களைப் பகிரும் தளமான ஃபிளிக்கரில் புனைபெயர் போதும், செகண்ட் லைஃப் படங்களுக்கென்றே குழுக்கள் உண்டு. ஆனால் இலவசக் கணக்கில் 1,000 படம்தான். செகண்ட் லைஃப்காரர்களுக்காகவே உள்ள பிரிம்ஃபீட் என்ற சமூக வலைதளத்தையும் பாருங்கள். அப்புறம், அவதாருக்குத் தனி மின்னஞ்சல் வையுங்கள். மூலப் படங்களை இன்றைக்கே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.