உடற்பயிற்சி சைக்கிளில் இருக்கையைச் சரிசெய்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பத்து நிமிடம் மிதித்தாலே முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. என்ன காரணம்?

பதில்: பெரும்பாலும் இருக்கை தாழ்ந்திருப்பதே காரணம். பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குவதால், முழங்கால் சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்துகிறது. மிதிக்கும்போது அணியும் அதே ஷூவுடன் அமர்ந்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு பாதத்தின் அகன்ற முன்பகுதியால் மிதிக்கும்போது, பெடல் கீழே இருக்கையில், முழங்காலில் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை மடிப்பு இருக்கும். இருக்கைத் தண்டில் பொறித்துள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி உயர்த்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு முழங்காலின் பின்பக்கம் வலி, இடுப்பும் ஆடுகிறது.

பதில்: இருக்கை உயரம் அதிகம். இருக்கைத் தண்டில் ஒரு துளை இறக்குங்கள்.

கேள்வி: என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இருக்கையை எத்தனையாவது துளையில் வைக்கலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: கால் நீளத்தில் 109 சதவீதம் என்கிறாரே எங்கள் பயிற்சியாளர்?

பதில்: ஹாம்லி, தாமஸ் ஆகிய இருவர் 1967இல் வெளியிட்ட கணக்கு அது. கவட்டிலிருந்து தரைவரை 76 செ.மீ. என்றால், கீழ்க்கோடியிலுள்ள பெடலுக்கும் இருக்கையின் மேற்பரப்புக்கும் இடையே சுமார் 83 செ.மீ. வரும். தொடையும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் எந்த விகிதத்தில் அமைந்துள்ளன என்பதை அது பார்ப்பதில்லை; ஆகவே முழங்கால் மடிப்பையே நான் நம்புவேன்.

கேள்வி: பெடல் தண்டு கிடைமட்டமாக இருக்கும்போது, முன்னாலுள்ள முழங்காலிலிருந்து தொங்கவிடும் தூக்குக்குண்டு (நூலில் கட்டிய எடை) பெடலின் அச்சுக்கு நேராக நிற்க வேண்டும். இதை ஏன் சொல்லவில்லை?

பதில்: தொடங்குவதற்கு ஏற்ற இடம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. சாய்ந்தமர்ந்து மிதிக்கும் சைக்கிளில் பாதங்கள் உடலுக்கு முன்னால் இருக்கின்றன. முழங்கால் பெடலுக்கு மேலே வருவதே இல்லை. ஆயினும் அதில் பலர் வலியின்றி மிதிக்கிறார்கள். புவியீர்ப்பைக் காட்டி வகுத்த அந்த விதி மெய்யெனில், அவர்களுக்கு வலித்திருக்க வேண்டாமா?

கேள்வி: அப்படியானால் இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி எதற்கு? விளக்கம் போதவில்லை.

பதில்: உடல் எடை கைகளுக்கும் இருக்கைக்கும் எப்படிப் பங்கிடப்பட வேண்டும், இடுப்பு எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கத்தான். இருக்கையை முன்னால் தள்ளினால் பெடலுக்குள்ள தொலைவும் குறைந்துவிடும் என்பதால், உயரத்தை மறுபடியும் சோதிக்க வேண்டும். தூக்குக்குண்டை நம்புவோர் மறப்பது இதைத்தான்.

கேள்வி: அமரும் இடம் மரத்துப்போகிறது, கைகளும் வலிக்கின்றன.

பதில்: இருக்கையின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் சமமாக்குங்கள். கைப்பிடியை இருக்கையின் உயரத்துக்கோ, சற்று மேலாகவோ ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

கேள்வி: ஐயா, இருக்கை உயரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: நானும் மனைவியும் ஒரே சைக்கிளைப் பயன்படுத்துகிறோம். தினமும் அளக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருவருக்குமான துளைகளின் அருகே இருவேறு நிற நாடாக்களை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இருக்கையைப் பூட்டும் ஊசி துளைக்குள் முழுமையாக இறங்கியதா என்று இருக்கையை அசைத்துப் பார்த்தபின் ஏறுங்கள். உயரமானவரின் நாடா எல்லைக்கோட்டுக்கு அப்பால் போனால், அந்தச் சைக்கிள் அவருக்குப் பொருந்தாது.