வேறு மாதிரி நீந்தும் மீன்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குழந்தைகளுக்குக் கதை சொல்வது பற்றி எழுதும்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். யூடியூபில் தேடிச் சில பகுதிகளைப் பார்த்தேன். நாலரை வயது மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பொறுமை இல்லாமல் போனது எனக்குத்தான். ஒரு மனிதர் வீட்டுக்குள் வருகிறார், கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் போடுகிறார், ஷூவை மாற்றுகிறார், மீனுக்குத் தீனி போடுகிறார். 1968இலும் அதேதான், 2001இலும் அதேதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே காரியத்தைச் செய்வது ஒரு கலைஞனுக்குத் தேக்கம் இல்லையா? அவர் ராணுவத்தில் குறிபார்த்துச் சுடுகிறவராக இருந்தார், கையில் குத்திய பச்சையை மறைக்கத்தான் முழுக்கை ஸ்வெட்டர் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அது நிஜமா? இந்தக் காலத்துக் குழந்தைக்கு இதைக் காட்டலாமா? காட்டினால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

எங்கள் வீட்டிலும் ஒரு மீன்தொட்டி உண்டு. போன வாரம் மகளுடைய ஆரஞ்சு மீன் செத்துவிட்டது. அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் என் கணவர் அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிவந்து விட்டுவிட்டார். இரண்டு நாளாக "இது வேற மாதிரி நீந்துதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்த மீன்தொட்டிக் காட்சியைப் பார்த்ததும் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

ராணுவக் கதை பொய். அவர் ஒரு நாள்கூட ராணுவத்தில் இருந்ததில்லை. அந்த ஸ்வெட்டர்களில் பல அவருடைய அம்மா கையால் பின்னிக் கொடுத்தவை. சிவப்பில் ஒன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷூவுக்கும் ஒரு காரணம் உண்டு. 1954இல் பிட்ஸ்பர்க் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் அவர் திரைக்குப் பின்னால் நின்று பொம்மைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு. இங்கிருந்து அங்கே ஓடும்போது காலடிச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று ரப்பர் அடி வைத்த ஷூவை மாட்டிக்கொண்டார். அந்தப் பழக்கம்தான் பின்னால் நீங்கள் பார்த்த காட்சியாயிற்று. வாட்ஸப் செய்திகளை இனி எனக்கு அனுப்பாதீர்கள்.

தேக்கம் என்கிறீர்கள். நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் போய், எத்தனை வருஷம் இந்தத் தோடி ராகத்தையே வாசிப்பீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்களா? ரோஜர்ஸ் கதவைத் திறந்து உள்ளே வரும் விதம் மாறவில்லைதான். மூன்று வயதுக் குழந்தைக்கு நேற்று வந்த ஆள்தான் இன்றும் வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகுதான் அது காது கொடுக்கும். 1976இல் போதும் என்று நிறுத்தினார், 1979இல் திரும்பி வந்தார். வந்த பிறகு ஒரு வாரம் முழுக்க விவாகரத்தைப் பற்றியே பேசினார், இன்னொரு வாரம் சண்டையையும் போரையும் பற்றி. சக்கர நாற்காலியில் வந்த பத்து வயதுப் பையனிடம் அந்த நாற்காலி எப்படி ஓடுகிறது, அவனுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அதே ஸ்வெட்டர், அதே ஷூ.

சரி, இதெல்லாம் போகட்டும். உங்கள் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் கடைசிப் பத்திதான் என்னை நிறுத்தியது. ரோஜர்ஸைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க எதைச் செய்யக் கூடாது என்றாரோ அதை வீட்டில் செய்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.

1970இல் வந்த ஒரு பகுதி உண்டு, அதைத் தேடிப் பாருங்கள். வழக்கம்போல மீன்தொட்டிக்குப் போகிறார். அடியில் ஒரு மீன் அசையாமல் கிடக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை. வலையால் எடுக்கிறார், பிழைக்குமா என்று உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார், பிழைக்கவில்லை. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார். அப்புறம், சின்ன வயதில் தனக்கு மிட்சி என்று ஒரு நாய் இருந்ததைச் சொல்கிறார். அது செத்தபோது அழுததையும், பாட்டி வந்து அணைத்துக்கொண்டதையும், உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளலாம் என்று புதைக்க மனமில்லாமல் இருந்ததையும், அப்பாதான் புதைக்க வேண்டும் என்று சொன்னதையும் சொல்கிறார். அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர் பாதிரியார். 1963இல் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை அவருக்குப் பட்டம் கொடுத்து, தொலைக்காட்சி வழியாகக் குழந்தைகளுக்காக உழைப்பதையே ஊழியமாகவும் கொடுத்தது. அப்படிப்பட்டவர்கூட, மீன் சொர்க்கத்துக்குப் போய்விட்டது என்று ஒரு வரியில் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை.

நான் அதைப் பார்த்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மிட்சியிடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள்தான் பார்க்க முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். எனக்கு ஆறு வயது. மானாமதுரையில் இருந்தோம். என்னை வளர்த்தது அப்பத்தா. பல் இல்லாததால் சின்ன இரும்பு உரலில் வெற்றிலை பாக்கை இடித்துப் போட்டுக்கொள்வாள். அந்த உரலின் குட்டி உலக்கையை நான் எடுத்து விளையாடிக் கிணற்றில் போட்டுவிட்டேன். அன்றைக்கு அவள் என்னைத் திட்டினாள். வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் திட்டினாள். அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் என்னை எழுப்பி, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் அப்பத்தாவின் கட்டில் இல்லை. சித்தி சொன்னாள்: "அப்பத்தா ராமேஸ்வரம் போயிருக்கா. ஒனக்குச் சங்கு வாங்கிட்டு வருவா."

ராமேஸ்வரம் எங்களுக்குத் தூரமில்லை. காலையில் ரயில் ஏறினால் அடுத்த நாள் வந்துவிடலாம். நான் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தேன். அடுத்த நாளும் போனேன். ராமேஸ்வரத்து ரயில் வரும், நனைந்த துணி மூட்டைகளோடு ஆட்கள் இறங்குவார்கள், வண்டி புறப்பட்டுப் போகும். எத்தனை நாள் போனேன் என்று கணக்கில்லை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை, விளையாடப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நான் உட்கார்ந்து யோசித்தது ஒன்றே ஒன்றைத்தான். உலக்கையைத் தொலைத்ததால் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். என்னால்தான் போனாள். அதனால்தான் வர மாட்டேன் என்கிறாள்.

கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் போட்டு உடைத்தான். "ஒங்க அப்பத்தா செத்துப்போச்சுடா. எங்கய்யாதான் பாடை கட்டுனாரு." அவனைச் சிலேட்டால் அடித்தேன். நெற்றியில் ரத்தம். எனக்கு வாத்தியாரிடம் அடி, வீட்டில் அப்பாவிடம் அடி. ஏன் அடித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. பெரியவர்கள் பேசாமல் விட்ட இடத்தைக் குழந்தை தன் குற்றத்தால் நிரப்பிக்கொள்ளும். ரோஜர்ஸ் இதை உணர்ந்திருந்தார். அதைத் தன் உள்ளுணர்வுக்கு விட்டுவிடாமல் படித்தும் தெரிந்துகொண்டார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்ஃபார்லேண்ட் என்ற குழந்தை உளவியலாளர் இருந்தார். ரோஜர்ஸ் வாரந்தோறும் அவரிடம் போய் உட்கார்ந்து, தான் எழுதியதை வரி வரியாகப் பேசுவார். 1988இல் மெக்ஃபார்லேண்ட் இறக்கும்வரை அது நடந்தது. நாடறிந்த ஒரு மனிதர் ஒவ்வொரு வாரமும் மாணவனாகப் போயிருக்கிறார்! நம் ஊரில் குழந்தை நிகழ்ச்சி என்றால் குரலைக் கீச்சென்று ஏற்றி, கையைத் தட்டச் சொல்லி, "குட்டீஸ்" என்று கத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

அவருடைய குழு மருத்துவமனையைப் பற்றி எடுத்த படத்தில் ஒரு நர்ஸ் குழந்தையின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, இதை ஊதப் போகிறேன் என்று சொன்னார். ஆங்கிலத்தில் அவர் சொன்ன சொல்லுக்கு வெடிக்க வைப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. ரோஜர்ஸ் அந்த வரியை மட்டும் மாற்றிப் பதிவு செய்ய வைத்தார், கொஞ்சம் காற்று அடைக்கப் போகிறேன் என்று. கைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று ஒரு குழந்தை பயந்துவிட்டால், அதற்குப் பிறகு சொல்வது எதுவும் அதன் காதில் விழாது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடுபடுகிறவனைத்தான் நான் எழுத்தாளன் என்பேன். நமக்கோ "சாமி கண்ணைக் குத்தும்", "பூச்சாண்டி பிடிச்சுக்குவான்", "தாத்தா தூங்குறாரு", எல்லாம் யோசிக்காமல் வந்து விழும். தாத்தா தூங்குகிறார் என்று கேட்ட குழந்தை அன்று ராத்திரி எப்படிக் கண்ணை மூடும்?

1968 ஜூனில் ராபர்ட் கென்னடியைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி அதையே காட்டிக்கொண்டிருந்தது. ரோஜர்ஸின் நிகழ்ச்சி நாடு முழுக்க வரத் தொடங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. அவசரமாக ஒரு தனி நிகழ்ச்சி செய்தார். அதில் டேனியல் என்ற புலிப் பொம்மை, வெட்கப்படுகிற சின்னப் புலி, ஒரு பெண்ணிடம் பலூனை ஊதச் சொல்கிறது. காற்றை விடச் சொல்கிறது. உள்ளே இருந்த காற்று எங்கே போனது என்று கேட்கிறது. அப்புறம், படுகொலை என்றால் என்ன என்று கேட்கிறது. அந்தப் பெண்ணும் பேச்சை மாற்றாமல் பதில் சொல்கிறாள். பலூனிலிருந்து அந்தக் கேள்விக்குப் போகிற வழி ஒரு குழந்தை தானாக நடந்து போகிற வழி. அதை எழுத எத்தனை நாள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருஷம், 1969 மே 1, அமெரிக்க செனட் குழுவின் முன் போய் உட்கார்ந்தார். பொதுத் தொலைக்காட்சிக்கான 2 கோடி டாலர் பணத்துக்கு ஆபத்து. தலைவர் பாஸ்டோர் கறாரான ஆள். ரோஜர்ஸ் ஆறேழு நிமிஷம் பேசினார், கோபம் வந்தால் என்ன செய்வது என்று தான் குழந்தைகளுக்காக எழுதிய பாட்டைச் சொல்லிக் காட்டினார். அதன் முதல் வரி ஒரு குழந்தை கேட்ட கேள்வி என்றும் சொன்னார். பாஸ்டோர் உடம்பு சிலிர்க்கிறது என்றார், அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்றார். இந்தக் கதையைப் பணத்துக்காகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் நிற்கிறது. சிலேட்டைத் தூக்கிய பையனிடம் அதை யாரும் கேட்கவில்லை.

அம்மா, நீங்களும் உங்கள் கணவரும் அன்பினால்தான் செய்தீர்கள். வெயிலில் கடை கடையாக ஏறி அதே ஆரஞ்சு நிறத்தைத் தேடிய அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பிரியம்தான் வருகிறது. என் சித்தியும் அன்பினால்தான் சொன்னாள். ஆனால் உங்கள் பெண்ணைக் கவனியுங்கள். நீங்கள் அளவையும் நிறத்தையும் பார்த்தீர்கள். அவள் மீன் நீந்துவதைப் பார்த்திருக்கிறாள். அந்த மீனை இந்த வீட்டில் உண்மையாகப் பார்த்தது அவள் ஒருத்திதான். அவள் சரியாகச் சொல்கிறாள், நீங்கள் "இல்லடா, அதே மீன்தான்" என்கிறீர்கள் (எழுதவில்லை, ஆனால் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்). அவள் இப்போது தன் கண்ணை நம்புவதா, அம்மாவை நம்புவதா? நாலரை வயதில் குழந்தை அம்மாவைத்தான் நம்பும். தன் கண்ணை விட்டுக்கொடுத்துவிடும். மீன் செத்ததைவிட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. இரண்டு நாளாக அவள் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்பதை நிறுத்துவதற்குள் சொல்லிவிடுங்கள்.

ரோஜர்ஸுக்குக் கண் தெரியாத ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. நீங்கள் மீனுக்குத் தீனி போட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை, கவலையாக இருக்கிறது, போடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று. அதன் பிறகு அவர் "மீனுக்குத் தீனி போடுகிறேன்" என்று சொல்லியே போட்டார். முப்பது வருஷம் ஒரே விஷயம் என்றீர்களே, அதற்குள் இப்படி ஒரு குழந்தைக்காகச் சேர்ந்த சொற்கள் இருக்கின்றன.

எவ்வளவு நேரம் காட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். அவர் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் வந்தார், அதுவே போதும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

இன்னொன்று. செத்த மீனை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். தொட்டிச்செடியில் புதைத்திருந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள். குப்பையில் போட்டிருந்தால், குப்பையில் போட்டுவிட்டோம், உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அழுவாள். அழட்டும், பக்கத்திலேயே இருங்கள். புது மீனுக்கு அவளே ஒரு பேர் வைக்கட்டும். என்ன பேர் வைத்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.