கை மரத்துப் போகிறது, என்சிவி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா? வலிக்குமா?

எடுத்துவிடுங்கள். என்சிவி என்பது லேசாக மின்சாரம் கொடுத்து, நரம்பில் அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிற சோதனை. சுருக் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிற ஆளாகத்தான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் தையல்காரி. கத்திரி பிடிக்கிற கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. முதலில் பார்த்த டாக்டரிடம் இதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் கழுத்துக்கு எம்ஆர்ஐ எழுதிவிட்டார். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. நாற்பதைத் தாண்டினால் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்குக்கூட அப்படி இருக்குமாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கழுத்துப் பட்டையோடு மெஷினில் குனிந்து தைத்துப் பாருங்கள், என் கோபம் புரியும். வீட்டில் வாயு என்றார்கள்.

அப்புறம் பார்த்த நரம்பு டாக்டர் எந்தெந்த விரல் என்றுதான் முதலில் கேட்டார். என்சிவி எழுதினார். சோதனை செய்த பெண் என் கையைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது என்று சூடுபடுத்திய பிறகே ஆரம்பித்தார். கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மெதுவாக ஓடுவதாகக் காட்டுமாம். கட்டை விரல் அடிச்சதையில் அலையைப் பதிவு செய்கிற சின்னப் பட்டையை ஒட்டி, மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கை மடிப்பில் ஒருமுறை மின்சாரம் கொடுத்தார். விரல் தானாகத் துள்ளியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வேகம் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல், அது சரியான அளவு. மணிக்கட்டைத் தாண்டித்தான் தாமதம்: நாலு மில்லி செகண்ட் சொச்சத்துக்குள் வரவேண்டியது ஆறை நெருங்கியது. தொடு உணர்வைக் கடத்துகிற இழைகளை விரலில் தனியாகப் பார்த்தார்கள், அந்த உணர்வு அலையும் தாமதம். கழுத்தில் நரம்பு அழுந்தியிருந்தால் அந்த உணர்வு அலை பெரும்பாலும் நன்றாகவே இருக்குமாம். சுண்டுவிரல் நரம்பில் குறையே இல்லை. ஆக, சிக்கல் மணிக்கட்டில். கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் இருக்கிற குறுகிய வழியில் நரம்பு அழுந்துவது.

வேகம் குறைந்தால் நரம்பின் மேலுறையில் கோளாறு, அலையின் உயரம் குறைந்தால் உள்ளிழையே அழிகிறது என்று டாக்டர் விளக்கினார். எனக்கு உயரம் குறையவில்லை. அதனால் கத்தி வைக்காமல், ராத்திரி மணிக்கட்டு வளையாமல் இருக்க ஸ்பிளின்ட் கொடுத்தார். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொன்னார், அவற்றாலும் இது வருமாம். இப்போது ராத்திரி தூங்குகிறேன்.

இதைப் படித்துவிட்டு "எம்ஆர்ஐ வேண்டாம் என்கிறாயா" என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். நான் டாக்டர் இல்லை. கழுத்து வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினால் அது வேறு கதை. இந்தச் சோதனைக்கும் எல்லாம் தெரியாது. பாத எரிச்சல் உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு நார்மல் என்றே வரலாம், ஏனென்றால் வலியையும் சூட்டையும் சொல்கிற மெல்லிய இழைகளை இது அளப்பதில்லை. அடிபட்ட உடனே எடுத்தாலும் முழுதாகத் தெரியாது.

ஓய்வு கொடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் துணியைக் கொண்டுவந்து, லைனிங் வைத்து நாளைக் காலைக்குள் வேண்டும் என்கிறவர்களிடம் போய் அதைச் சொல்லுங்கள். அளவு ப்ளவுஸும் தருவதில்லை, "அக்கா, உங்களுக்குத் தெரியாதா" என்பார்கள். கூலியில் ஐம்பது ரூபாய் ஏற்றினால் மட்டும் முகம் மாறிவிடும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போகிற அன்று கையில் எண்ணெய், கிரீம் தடவாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், சிலருக்குத் தசையில் ஊசி குத்தியும் பார்ப்பார்கள். அந்த ஊசி வலிக்கும் என்கிறார்கள், எனக்குப் போடவில்லை.