மிட்வைஃப் வீடியோவில் வந்தால் போதுமா?

கேள்வி: திருமணமாகி ஆறே மாதத்தில் கணவரோடு இங்கிலாந்து வந்தேன். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். ஊரில் அக்காவுக்கு நாள் தள்ளிப்போனதுமே டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துவிட்டார். இங்கே ஆன்லைனில் பதிவு செய்தால், முதல் சந்திப்பு வீடியோவில், அதுவும் டாக்டரோடு இல்லை, மிட்வைஃபோடு என்று செய்தி வந்திருக்கிறது. ஆங்கிலம் புரியும், சரளமாகப் பேச வராது. "பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லிவிடுகிறேன்" என்கிறார் கணவர். "போனில் மருத்துவச்சி பார்க்கிற ஊரில் உனக்கென்ன வேலை, கிளம்பி வா" என்று அம்மா அழுகிறார். இது போதுமா?

பதில்: முதல் சந்திப்புக்குப் போதும். பத்து மாதத்துக்கும் போதாது. அப்படி வீடியோவிலேயே முடித்துவிடவும் மாட்டார்கள்.

அம்மாவின் பயத்தில் பாதி "மருத்துவச்சி" என்ற சொல்லால் வந்தது. நம் பக்கம் அது ஊரில் பிரசவம் பார்த்த பாட்டியைக் குறிக்கும். இங்கிலாந்தில் மிட்வைஃப் என்பது 1902ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பதிவு பெற்றுச் செய்யும் தொழில். இன்று மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்து, நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் பதிந்தால்தான் வேலை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தைத் தொடக்கம் முதல் பிரசவம் வரை மிட்வைஃபே பார்ப்பார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தால் டாக்டரும் சேர்ந்துகொள்வார். நானும் இங்கே மிட்வைஃப்தான்; என்ன வேலை பார்க்கிறேன் என்று என் அம்மாவுக்குப் புரியவைக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்கள் அம்மாவுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

முதல் சந்திப்பை இங்கே புக்கிங் என்பார்கள். அது பெரும்பாலும் கேள்வி பதில்தான், ஒரு மணி நேரம்கூடப் போகும். 2020இல் கொரோனா வந்தபோது அதைப் போனுக்கும் வீடியோவுக்கும் மாற்றினார்கள். சில இடங்களில் அப்படியே நிலைத்துவிட்டது. பேச்சாக இருப்பதால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதங்களில் உங்களுக்கு என்னென்ன பரிசோதனை, யார் பார்ப்பது என்பதெல்லாம் அன்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவாகும்.

கடைசி மாதவிடாயின் முதல் நாள், உயரம், எடை, பழைய ரிப்போர்ட், இரண்டு வீட்டிலும் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அட்டையோடு எடுத்துக் கேமராவில் காட்டுங்கள். சித்த மருந்து, லேகியம், கஷாயம் என்றால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். நீங்களும் கணவரும் சொந்தமா என்று கட்டாயம் கேட்பார்கள். அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று உறவை விளக்கமாகவே சொல்லுங்கள். "அங்கிள்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்பதில்லை. பரம்பரை நோய்க்கான வாய்ப்பைக் கணக்கிடத்தான்.

இன்னொன்று: ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பில் பெரும்பாலும் நம்பர் காட்டாது. ஏதோ மோசடி என்று நம்மவர்கள் வெட்டிவிடுகிறார்கள். வரவில்லை என்று அங்கே குறித்துவிடுகிறார்கள். அந்த வாரம் எந்த அழைப்பு வந்தாலும் எடுங்கள்.

இப்போது கணவர் விஷயம். அவர் பக்கத்தில் இருக்கலாம், மொழிபெயர்க்க வேண்டாம். என்.எச்.எஸ். என்ற இங்குள்ள அரசு மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. வீடியோ அழைப்பில் மூன்றாவது ஆளாக மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ளலாம். பதிவுப் படிவத்தில் தமிழ் என்று குறிக்காமல் விட்டிருந்தால் இன்றே போன் செய்து சொல்லுங்கள், பெண் வேண்டும் என்றும் கேளுங்கள். கணவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். "உங்களுக்குச் சின்ன வயதில் மனச்சோர்வு இருந்ததா, இதற்கு முன் கரு கலைந்ததா, கலைத்தீர்களா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா" என்ற கேள்விகளை அவர் வாயால் கேட்டு, அவர் வாயால் பதில் போக முடியுமா? கடைசிக் கேள்வியை இங்கே எல்லாப் பெண்களிடமும் கேட்பார்கள். வீடியோவில் சட்டகத்துக்கு வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் "தனியாக இருக்கிறீர்களா" என்று முதலில் கேட்போம். இல்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். நேரில் தனியாகப் பார்க்கும் நாளுக்கு அந்தக் கேள்வியைத் தள்ளிவைப்போம். இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கணவர் வந்து பேசட்டும், நடுவில் ஒரு காப்பி போட்டு வரட்டும்.

மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் "சத்தி வருதா" என்றால் வாந்தி, "தலையிடி" என்றால் தலைவலி, "சலம்" என்றால் யூரின். புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். நம் பெண்களிடம் நான் அதிகம் கேட்ட பதில் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்". நேரில் என்றால் முகம் வெளிறியிருப்பதும் கால் வீங்கியிருப்பதும் கண்ணில் பட்டுவிடும். திரையில் கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரிகிறது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுக்கிறீர்கள் என்றால் "மசக்கைதான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல், நேற்று எத்தனை முறை, எவ்வளவு நேரம் யூரின் போகவில்லை என்று எண்ணிச் சொல்லுங்கள்.

வீடியோவால் ஆகாதவை என்ன? ரத்தம் எடுக்க முடியாது, வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க முடியாது. உங்களுக்கு அவசரமானது ரத்தப் பரிசோதனைதான். பரம்பரையாக வரும் ரத்த நோய்களான தலசீமியா, சிக்கிள் செல் பரிசோதனையைப் பத்து வாரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பது இங்கே இலக்கு. நீங்கள் ஒன்பதாவது வாரத்தில் இருக்கிறீர்கள். வீடியோவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றால் காத்திருக்காமல் "ரத்தம் எடுக்க எப்போது வரலாம்" என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, ரத்த வகை, ஹீமோகுளோபின் எல்லாம் அப்போதே முடிந்துவிடும். முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள், இரண்டாவது 20ஆவது வாரத்தை ஒட்டி. அக்காவுக்குச் சீக்கிரமே எடுத்தார்கள், எனக்கு எடுக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இங்கே வழக்கமே அப்படி. ஆனால் ரத்தப்போக்கு அல்லது அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி இருந்தால் கதை வேறு. உடனே ஜி.பி.யையோ (உங்கள் பகுதிக் குடும்ப டாக்டர்) 111ஐயோ (மருத்துவ ஆலோசனை எண்) அழையுங்கள். கூடவே மயக்கம், தோள் நுனியில் வலி என்றால் 999 (அவசர ஆம்புலன்ஸ் எண்).

முதல் பிரசவத்துக்கு 10 சந்திப்புகள் என்கிறது இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு. நேரில் பார்க்கும்போதெல்லாம் பிரஷரும் யூரினும் பார்ப்பார்கள், 24 வாரத்துக்குப் பிறகு டேப் வைத்து வயிற்றை அளப்பார்கள். தெற்காசியப் பின்னணி என்பதாலேயே 24 முதல் 28 வாரத்துக்குள் உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் போய்க் குளுக்கோஸ் குடிப்பது. இவற்றில் எதையாவது வீடியோவுக்கு மாற்றினால் "பிரஷரை யார் பார்ப்பார்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். வீட்டிலேயே பார்க்கச் சொன்னால் மேல்கையில் சுற்றும், கர்ப்பிணிகளுக்கு ஏற்றது என்று சோதித்த கருவிதான் வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே அழைக்க வேண்டும். 160/110 என்றால் அந்த நிமிடமே.

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் 12 வாரம் வரை, வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் தினமும். சர்க்கரை நோய் இருந்தால் ஃபோலிக் ஆசிட் அளவு கூடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோ முடிவதற்குள் ஒரு நம்பரை வாங்கிவிடுங்கள்: ராத்திரியிலும் எடுக்கும் மெட்டர்னிட்டி ட்ரியாஜ் (கர்ப்பிணிகளுக்கான அவசர ஆலோசனைப் பிரிவு) நம்பர். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, உள்ளங்கை உள்ளங்காலில் விடாத அரிப்பு, நீர் கசிவு, இவை எதற்கும் அடுத்த சந்திப்பு வரை பொறுக்கக் கூடாது. 16 முதல் 24 வாரத்துக்குள் அசைவு தெரியத் தொடங்கும். பிறகு அது வழக்கத்தைவிடக் குறைந்தால் உடனே அழையுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். மாதம் நெருங்கினால் அசைவு குறையும் என்று பெரியவர்கள் சொல்வது தவறு. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க ஆன்லைனில் விற்கும் டாப்ளர் கருவியை வாங்கி வைத்துக் கேட்பதும் வேண்டாம். உங்கள் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள்.

செலவை நினைத்து அம்மா கலங்குகிறார் என்றால், விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பதால் பேறுகாலப் பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று சொல்லுங்கள். ஊருக்குப் போவதா, இங்கேயே பெறுவதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. 28 வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் மருத்துவக் கடிதம் கேட்கும். அதனால் 20 வார ஸ்கேன் முடிந்த கையோடு மிட்வைஃபிடம் இதைப் பேசிவிடுங்கள்.